தங்கவயலின் தூசியும் உறவுவலையும்

1930 ஏப்ரலில் கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் கைரேகைப் பதிவை எதிர்த்து 21 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்கென முறையான தொழிற்சங்கம் அப்போது இல்லை. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து குடியேறிய அவர்களிடையே வேறு பிணைப்புகள் இருந்தன: ஒரே ஊர், ஒரே சுரங்கம், ஒரே லைன், பெண் கொடுத்து எடுத்த உறவு. இவற்றை விலக்கிவிட்டு அப்போராட்டத்தை விளங்கிக்கொள்ள இயலாது.

மொழியியல் பயின்றோருக்கு இத்தகைய உறவுவலை புதிதன்று. பெல்பாஸ்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளை ஆராய்ந்த லெஸ்லி மில்ராய், நெருக்கமான சமூக வலைப்பின்னல் வட்டாரப் பேச்சைக் காத்துநிற்கிறது என்பதை 1980இல் வெளியான நூலில் காட்டினார். அயலவரே உறவினராகவும் உடன் உழைப்பவராகவும் இருக்குமிடத்தில் வழக்கம் எளிதில் மாறுவதில்லை.

நோயைப் பற்றிய வழக்கங்களுக்கும் இது பொருந்துமா? இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதலில் பதிவானது 1947இல், கோலார் தங்கச் சுரங்கங்களில் என்று மருத்துவப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. அத்தகைய பதிவு பாதிக்கப்பட்ட நுரையீரல்களை எண்ணுகிறது. இருமலை ஒருவர் முதலில் யாரிடம் சொன்னார், 'சுரங்கத்தில் இறங்கினால் இதெல்லாம் வரத்தான் செய்யும்' என்று யார் தேற்றினார் என்பவை அதில் இடம்பெறுவதில்லை. துயரில் தாங்கும் அதே வலை, நோயை இயல்பெனக் கருதவும் பழக்கக்கூடும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. சயனைடு மேடுகள் எஞ்சின. காற்றடிக்கும் மாதங்களில் அவற்றின் நுண்தூசி குடியிருப்புகளை வந்தடைகிறது. தூசியின் பாதையைக் கருவிகளால் அளக்கலாம். தூசி பற்றிய அறிவின் பாதையை அறிய மனிதர்களிடம்தான் கேட்கவேண்டும். மூடலுக்குப் பின் பலர் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். ஒரே சுரங்கம் என்னும் இழை அறுந்துவிட்டது. தொலைவிலிருக்கும் தகவலைக் கொண்டுவருபவை வலுவற்ற பிணைப்புகளே என்று மார்க் கிரானவெட்டர் 1973இல் எழுதினார். அவ்வாறெனில் இன்று லைன் வீட்டுக்கும் மருத்துவருக்கும், லைன் வீட்டுக்கும் இழப்பீட்டு அலுவலகத்துக்கும் பாலமாக இருப்பவர் யார்? வலைப்பின்னல் ஆய்வு இக்கேள்வியைக் களத்தில் சோதிக்க உதவும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. அறிமுகமான தலைவரிடம் தொடங்கி, அவர் காட்டுபவர்களை மட்டுமே சந்தித்துச் செல்லும் ஆய்வு, நெருக்கமான நடுப்பகுதியையே மீண்டும் மீண்டும் வரையும். கணவரை இழந்து, பிள்ளைகள் வெளியூர் சென்றபின் தனித்திருக்கும் பெண்ணை எவரும் பெயர்சொல்லிக் குறிப்பிடாமற்போகலாம். மருத்துவப் பரிசோதனைக்கான பட்டியல் அந்த வரைபடத்திலிருந்தே உருவானால், அவர் இருமுறை விடுபடுவார். எனவே வீடுவாரியான முழுக் கணக்கெடுப்பை முதலில் முடித்து, அதன் பின்னரே உறவுக்கோடுகளை வரையவேண்டும். கோடுகளே இல்லாத புள்ளிகளைத்தான் நாம் முதலில் படிக்கவேண்டும்.