இரண்டாவது கொட்டு

குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கும் மேலே தேனருவி என்று ஒன்று உண்டு. பாறைகளில் மலைத்தேனீக்கள் கட்டிய பேரடைகள் தொங்குவதால் வந்த பெயர் என்பர். அந்த அடைகளையும், கீழே தோப்புகளில் கடந்தைகள் கட்டும் கூடுகளையும் தென்காசிப் பக்கத்தார் நன்கறிவர். கொட்டினால் சுண்ணாம்பு தடவுவார்கள். வலி தணிந்ததும் மறந்துவிடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், சாரல் காலத்தில், துறை நண்பர்களோடு பழைய குற்றாலம் சென்றிருந்தோம். உடன் வந்த ஒருவரைக் கழுத்தில் குளவி கொட்டிற்று. ஒரே ஒரு குளவிதான். ஐம்பதை நெருங்கியிருந்த அவர், "போன வருஷமும் கொட்டிச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று சிரித்தார். சுண்ணாம்பு தேடி வெற்றிலைக் கடைக்குப் போனவர் திரும்புவதற்குள் நண்பரின் உதடு வீங்கி, உடம்பெங்கும் தடிப்பு எழுந்து, குரல் கம்மிவிட்டது. தென்காசிக்குக் கொண்டுபோனோம். பணியிலிருந்த இளம் மருத்துவர் முதலில் தொடையில் ஓர் ஊசி போட்டார். அது அட்ரினலின். பிறகுதான் கேள்விகள். இரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றும் கேட்டார். அதன் பொருள் அப்போது நமக்கு விளங்கவில்லை. போன வருஷக் கதையைச் சொன்னோம். "அந்த முதல் கொட்டுதான் சார் இதுக்கு விதை" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை மனித அறிவு எட்டிய வரலாறு சுவையானது. 1901ஆம் ஆண்டுக் கோடையில் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆய்வுக் கப்பலில் சார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் கடற்சொறி போன்ற ஓர் உயிரியின் நஞ்சை ஆராய்ந்தனர். பாரீஸ் திரும்பியபின் கடற்சாமந்தியின் நஞ்சைக் கொண்டு நாய்களில் சோதனையைத் தொடர்ந்தனர். சிறிது சிறிதாக நஞ்சேற்றினால் உடல் அதற்குப் பழகிக் காப்புப் பெறும் என்பது பாஸ்டருக்குப் பிந்தைய அக்காலத்தின் உறுதியான நம்பிக்கை. நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கி நலமாகவே இருந்தது. சில வாரங்கள் கழித்து அதே நஞ்சைச் சிறிதளவு செலுத்தியபோது மூச்சுத் திணறி, அரைமணி நேரத்துக்குள் இறந்தது. பழக்கம் காக்கவில்லை, கொன்றது. 1902 பிப்ரவரியில் இதை வெளியிட்ட இருவரும் காப்புக்கு எதிரானது என்ற பொருளில் 'அனஃபிலாக்சிஸ்' என்று பெயரிட்டனர். ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. (நாவலும் நாடகமும் எழுதிய ரிஷே, ஆவிகளை அழைக்கும் கூட்டங்களிலும் நம்பிக்கையோடு அமர்ந்தவர். ஒரே தலைக்குள் எத்தனை அறைகள்!)

அந்த எதிர்ப்பு இரத்தத்தில் எங்கே ஒளிந்திருக்கிறது? 1921இல் பிராஸ்னிட்ஸ் என்ற மருத்துவர், மீன் ஒவ்வாத தம் நண்பர் குஸ்ட்னரின் இரத்த நீரைத் தம் தோலுக்குள் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றை ஏற்ற, அங்கே தடிப்பு எழுந்தது. நண்பரின் ஒவ்வாமை இவர் தோலில் குடியேறிவிட்டது. குடியேறிய பொருளைக் கண்டறிய மேலும் 45 ஆண்டுகள் ஆயின. 1966இல் டென்வரில் கிமிஷிகே, தெருகோ இஷிசாகா தம்பதியர் தங்கள் முதுகுகளையே சோதனைக் களமாக்கிக் கண்டுகொண்ட அந்தப் புரதமே இன்று ஐ.ஜி.ஈ. எனப்படுகிறது. முதல் கொட்டின்போது உடல் இதை உண்டாக்கிச் சில உயிரணுக்களின் மேல் பொருத்தி வைக்கிறது. அடுத்த கொட்டில் அவ்வணுக்கள் ஒருசேர வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. நூற்றுக்கணக்கான தேனீக்கள் மொய்த்துக் கொட்டினால் நஞ்சின் அளவே கொல்லும்; அது வேறு கதை. இங்கே ஒரு கொட்டே போதும்.

குளவிக் கொட்டின் மருத்துவ ஆய்வில் நம்மை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, பூச்சியை முழு உடலோடு அரைத்தெடுத்த சாற்றை ஊசியாகப் போடும் சிகிச்சை 1930 முதல் நடந்துவந்தது. நஞ்சு இருப்பது நஞ்சுப் பையில். அரைத்ததோ முழுப் பூச்சியை. மேரி லவ்லெஸ் என்ற பெண் மருத்துவர் குளவிகளைத் தாமே பிடித்து, நஞ்சுப் பையை மட்டும் பிரித்தெடுத்துச் சிகிச்சை செய்து 1956இல் எழுதினார், பெரும்பாலோர் செவிசாய்க்கவில்லை. 1978இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் மூன்று குழுக்களை ஒப்பிட்டு, மருத்துவர் மேற்பார்வையில் பூச்சியைக் கொட்டவே விட்டுப் பார்த்தனர். வெறும் போலி மருந்து பெற்று இச்சோதனைக்கு ஆளான 12 பேரில் 7 பேருக்கு உடல் முழுவதும் எதிர்வினை ஏற்பட்டது. முழுச்சாறு பெற்ற 11 பேரிலும் 7 பேருக்கு. தூய நஞ்சு பெற்ற 18 பேரில் ஒருவருக்கு மட்டுமே. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக்காலச் சிகிச்சை வெறும் தண்ணீருக்குச் சமம் என்று தெரிந்தது. நம் சுண்ணாம்பை எள்ளி நகையாட எவருக்கும் அதிக உரிமை இல்லை போலும்.

மாத்திரைக் கேள்விக்கு வருவோம். தமிழ் மருத்துவம் காரணம் புலப்படாது எழும் தடிப்பைக் 'காணாக்கடி' என்று சொல்லும். கடித்தது கண்ணில் படவில்லை, ஆனால் கடிபட்ட உடல் இருக்கிறது. தோலுக்கு அடியில் திடீரென எழும் வீக்கத்தை ஜெர்மானியரான குவின்கே 1882இல் விவரித்தார். அது சில குடும்பங்களில் தலைமுறைதோறும் வருவதை 1888இல் ஆஸ்லர் எழுதினார். அங்கே குறைவது இன்ன புரதம் என்று 1963இல்தான் தெரிந்தது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது கேப்டோப்ரில் என்ற இரத்த அழுத்த மருந்து. எனலாப்ரில், லிசினோப்ரில் ஆகியவை அதன் தம்பிமார். இவற்றை உண்போரில் சிலருக்கு, சில சமயம் ஆண்டுக்கணக்காக உண்டபின்கூட, நாவும் உதடும் வீங்கிவிடுகின்றன. அந்த வீக்கத்தை உண்டாக்குவது ஹிஸ்டமின் அன்று, பிராடிகைனின். ஆகவே அட்ரினலினும் ஒவ்வாமை மாத்திரைகளும் அதில் பெரிதும் பயன்படுவதில்லை. மருந்தை நிறுத்தியாக வேண்டும். பாம்பைக் காணாமலே பாம்புக் கடி! காணாக்கடி என்று பெயர் வைத்தவர் இதைக் கேட்டால் வியக்கமாட்டார்.

நண்பர் உண்டது வேறு வகை மாத்திரை. பதினைந்து நிமிடங்களில் அவர் குரல் தெளிந்தது. வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார். அடங்கிய எதிர்வினை சில மணி நேரம் கழித்து மீண்டும் எழக்கூடும் என்று சொல்லி மருத்துவர் விடவில்லை. அன்றிரவு வார்டில் அவர் கட்டிலருகே நாம் விழித்திருந்தோம். வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது.