நாடுகடந்தவர்களும் நாணயமாற்றும்

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் அந்நியச் செலாவணிப் பிரிவு என்பது இரண்டு மேஜைகள்தான். காலையில் வந்ததும் அன்றைய டாலர் விகிதத்தைக் குறித்துக்கொள்வது என் முதல் வேலை. அப்படி ஒரு காலையில்தான், மூன்று வருஷங்களுக்கு முன் இதே பத்திரிகையில் நான் எழுதிய ஒரு கட்டுரை தப்பு என்று உறைத்தது. 1920களில் பாரீஸுக்குப் போய்க் குடியேறிய அமெரிக்க எழுத்தாளர்களைப் பற்றியது அது. வியாபார நாகரிகத்தின் வறட்சியைத் தாங்க முடியாத ஆன்மாக்கள் தாமாக ஏற்றுக்கொண்ட நாடுகடத்தல் என்றெல்லாம் எழுதியிருந்தேன். பி.ஏ. வகுப்பில் எனக்குச் சொல்லித் தந்ததும் அதுவே. அந்த ஆன்மாக்கள் டாலரை என்ன விகிதத்துக்கு மாற்றினார்கள் என்று கேட்க, பகல் முழுக்க இதையே செய்துகொண்டிருப்பவனுக்குத் தோன்றவில்லை.

1914 யுத்தத்துக்கு முன்னால் ஒரு டாலருக்கு ஐந்து பிராங்குக்குச் சற்று மேல். யுத்தகாலத்தில் பிரிட்டனும் அமெரிக்காவும் கொடுத்த கடன்கள் பிராங்கை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தன. 1919 மார்ச்சில் முட்டு எடுக்கப்பட்டது. 1920 முடிவில் டாலருக்கு ஏறத்தாழ 17 பிராங்க். 1922இல் சற்றுத் தேறி 12. 1926 ஜூலையில் 49 வரை போயிற்று. ஜெர்மனி நஷ்டஈடு தரும் என்று நம்பி, இடிந்து கிடந்த வடபகுதியைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது பிரெஞ்சு அரசு. நஷ்டஈடு எதிர்பார்த்தபடி வரவில்லை. பொருளாதாரம் இவ்வளவு போதும்.

ஹெமிங்வே 1921 டிசம்பரில் மனைவியோடு பாரீஸ் வந்தார். பசியோடு தெருவில் நடந்த இளைஞன் என்ற பிம்பம் பெரிதும் அவர் இறந்தபின் 1964இல் வெளியான நினைவுக் குறிப்புகளிலிருந்து நமக்குக் கிடைத்தது. மனைவியின் பரம்பரைச் சொத்திலிருந்து வருஷத்துக்கு ஏறத்தாழ 3,000 டாலர் வந்துகொண்டிருந்தது. 1922 பிப்ரவரியில் டொரன்டோ பத்திரிகை ஒன்றுக்கு அவர் எழுதிய கட்டுரையின் சாரமே, வருஷத்துக்கு ஆயிரம் டாலர் இருந்தால் பாரீஸில் சௌகரியமாக வாழலாம் என்பது. அவர் கையில் இருந்தது அதைப் போல் மூன்று மடங்கு. இரண்டு வருஷம் கழித்து ஃபிட்ஸ்ஜெரால்ட் ஏழாயிரம் டாலரோடு ரிவியராவுக்குப் போய், சமையற்காரி, வேலைக்காரி எல்லாம் வைத்துக்கொண்டு, பணம் போன வழி தெரியாமல் விழித்த கதையை ஹாஸ்யமாக எழுதி, அதையும் ஒரு அமெரிக்க வாரப் பத்திரிகைக்கு விற்றார். டாலர் அப்போது 19 பிராங்க்.

நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. 'செஸெஷன்' என்ற சிறு பத்திரிகையின் முதல் இதழ் 1922இல் வியன்னாவில் அச்சாயிற்று. 'ப்ரூம்' 1921 நவம்பரில் ரோமில் தொடங்கி, அடுத்த வருஷம் பெர்லினுக்குப் போயிற்று. இரண்டுமே அமெரிக்கர்கள் நடத்திய ஆங்கிலப் பத்திரிகைகள். ஆஸ்திரிய க்ரோன் அப்போது அதல பாதாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஜெர்மன் மார்க்கும் அதே வழியில். எங்கே பணம் சாகிறதோ அங்கே அச்சுக்கூலி மலிவு. 1923இல் 'ப்ரூம்' நியூயார்க்குக்குத் திரும்பிற்று. 1924 ஜனவரியோடு நின்றது. தபால் இலாகாவின் தலையீடும் அதற்கு ஒரு காரணம் என்றாலும், பெர்லின் கூலியில் பிறந்த பக்கங்கள் நியூயார்க் கூலியைத் தாங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 'செஸெஷ'னும் அதே வருஷம் நின்றது. இந்த இதழின் அச்சகக் கணக்கை வருஷக்கணக்காகப் பார்த்து வரும் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நவீனத்துவத்தின் பரிசோதனைப் பக்கங்கள் பலவற்றைக் கோத்தவன், வாரக் கடைசியில் கூலி வாங்கி வீட்டுக்குப் போவதற்குள் அதன் மதிப்புக் கரைந்துவிட்ட ஒரு தொழிலாளி.

இதை உள்ளே இருந்தே பார்த்தவர் மால்கம் கௌலி. கல்வி உதவித்தொகையில் பிரான்ஸுக்குப் போனவர். 'செஸெஷ'னிலும் 'ப்ரூ'மிலும் பங்கு கொண்டவர். 1934இல் வந்த அவருடைய 'எக்ஸைல்ஸ் ரிட்டர்ன்' நூலில் வலூட்டா, அதாவது நாணய விகிதம், ஏறக்குறைய ஒரு பாத்திரமாகவே உலவுகிறது. அதைக் கல்லூரி நாட்களிலேயே படித்திருந்தேன். படித்தும் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஹெமிங்வேயும் பார்க்காமலில்லை. 1922 செப்டம்பரில் ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து ரைன் நதியைக் கடந்து கேல் என்ற ஜெர்மன் ஊருக்குப் போகிறார். பத்து பிராங்குக்கு 670 மார்க். கணவனும் மனைவியும் நாள் முழுக்கத் தாராளமாகச் செலவழித்தும் 120 மார்க் மிச்சம். பழக்கடையில் ஐந்து ஆப்பிள் வாங்குகிறார்கள்; பன்னிரண்டு மார்க். வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் விலையைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு நகர்கிறார். அவருடைய ஆயுட்கால சேமிப்பு யுத்தக் கடன் பத்திரங்களில் போயிருக்கும் என்று நிருபர் எழுதுகிறார். மிட்டாய்க் கடையிலோ, எல்லை தாண்டி வந்த பிரெஞ்சு இளைஞர்கள் கேக்கை அள்ளி விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். பாரீஸில் டாலருக்கு முன்னால் ஒடுங்கிய பிராங்க், கேலில் எஜமானனாகிவிடுகிறது.

நிருபர் பார்த்த இந்தக் கிழவர் நாவலாசிரியரிடம் வந்து சேரவில்லை. 1926இல் வந்த 'தி சன் ஆல்ஸோ ரைஸஸ்' முழுக்க ஓட்டல் பில்லும் டிப்ஸும் வங்கி இருப்பும்தான். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதிலேயே ஒரு ஒழுக்கத்தைத் தேடும் நாவல் அது. ஆனால் அந்தப் பணம் ஏன் அவ்வளவு தூரம் நீள்கிறது என்ற கேள்வி அதன் விளிம்பில்கூட இல்லை என்பது என் வாசிப்பு. அதே வருஷம் ஜூலையில் பாரீஸ் தெருக்களில் அமெரிக்க உல்லாசப் பயணிகளின் பஸ்களைப் பார்த்து ஜனங்கள் கூச்சலிட்டார்கள். 2025 ஜூலையில் மெக்ஸிகோ நகரத்தில், டாலரில் சம்பாதித்துக்கொண்டு அங்கே வந்து குடியிருப்பவர்களால் வீட்டு வாடகை ஏறுகிறது என்று ஊர்வலம் போனார்கள். ஊர்தான் வேறு, மாதம்கூட அதுவே.

இது கலையைக் கணக்குப் புத்தகமாகச் சுருக்கும் சூத்திரம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அப்படி இல்லை. மலிவான வாடகை யாருக்கும் ஒரு வாக்கியம் எழுதித் தராது. அதே விகிதத்தில் டாலர் மாற்றிய ஆயிரக்கணக்கானவர்கள் குடித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். நான் கேட்பது, எழுதியவர்களின் பார்வை எங்கே நின்றுவிட்டது என்பதுதான். டாமினிகாவில் பிறந்த ஜீன் ரீஸைப் பாருங்கள். யுத்தத்துக்குப் பிந்திய வியன்னாவில், நாணய வியாபாரத்தில் கைவைத்த கணவனோடு வாழ்ந்தவர். 1927இல் வந்த அவருடைய முதல் தொகுதியில் 'வியன்' என்ற கதை இருக்கிறது. பணம் இருக்கும்போது பெண்ணுக்கு என்ன விலை, இல்லாதபோது என்ன விலை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. திரும்பிப் போக அவருக்கு டாலர் தேசம் இல்லை.

1928 ஜூனில் பிராங்கின் மதிப்பு யுத்தத்துக்கு முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு என்று சட்டமாயிற்று. அரசை நம்பிக் கடன் பத்திரம் வாங்கி வைத்திருந்த பிரெஞ்சுக்காரனுக்கு ஐந்தில் நான்கு பங்கு போயிற்று. 1933இல் ரூஸ்வெல்ட் டாலரைத் தங்கத்திலிருந்து விடுவித்தார். 25 பிராங்கிலிருந்த டாலர் சீக்கிரமே 15க்கு வந்தது. முன்பே மந்தம் தொடங்கி மெலிந்திருந்த அமெரிக்கக் கூட்டம் இன்னும் கரைந்தது. அவர்கள் தாய்மண்ணைக் கண்டடைந்து திரும்பினார்கள் என்றும் என் பழைய கட்டுரையில் ஒரு வாக்கியம் இருக்கிறது.

அந்தக் கட்டுரையைத் தொகுப்பு ஒன்றில் சேர்க்க நண்பர்கள் கேட்டிருந்தார்கள். தபாலில் வந்த மெய்ப்பில் அந்த வாக்கியத்தை மட்டும் அடித்தேன். பிறகு அதற்கு மேலிருந்த பத்தியை. கடைசியில் முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டேன்.