அம்மாவுக்காக ஒரு சைக்கிள்

1974-ம் வருடம். அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்துப் பக்கம் பெட்டி ஸ்டார் என்ற பெண்மணி இறந்து போனார். வயது 49. மெலனோமா எனப்படும் தோல் புற்றுநோய். ஆரம்பத்தில் சாதாரண மச்சம் மாதிரிதான் இருக்கும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், ஈரல், மூளை என்று ஒவ்வோர் இடமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படிப் பரவிவிட்டால் அந்தக் காலத்து டாக்டர்களால் செய்ய முடிந்தது மிகமிகக் குறைவு.

பெட்டியின் மகன் பில்லி ஸ்டாருக்கு அப்போது இருபதுகளின் தொடக்கம்.

துக்கம் ஒரு விநோதமான சமாசாரம். சிலரை மூலையில் உட்கார வைத்துவிடும். சிலரை உட்காரவே விடாது. பில்லி இரண்டாவது ரகம். உடம்பு ஓய்ந்து விழுந்தால்தான் மனசு கொஞ்சம் சும்மா இருக்கும் என்று விளையாட்டு, மலையேற்றம், சைக்கிள் என்று அலைந்தார். அப்படி அலைந்த நாட்களில்தான் பாஸ்டனிலிருந்து ப்ராவின்ஸ்டவுன் வரை சைக்கிள் மிதித்துப் பார்த்தார். 200 கிலோமீட்டருக்கும் மேல். திரும்பி வந்தது படகில்!

ப்ராவின்ஸ்டவுன் எங்கே இருக்கிறது? மாஸசூஸெட்ஸ் மாநிலத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கிழக்குப் பக்கம் கடலுக்குள் ஒரு கை நீண்டு, முழங்கை மடங்கி, முஷ்டியை உயர்த்திக் காட்டுவது போல இருக்கும். அதுதான் கேப் காட். அந்த முஷ்டியின் நுனியில் இருக்கிற ஊர் ப்ராவின்ஸ்டவுன். 1620-ல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட மேஃப்ளவர் கப்பல் அட்லாண்டிக்கைத் தாண்டி முதலில் நங்கூரம் போட்டது இந்த ஊரின் துறைமுகத்தில்தான். அதற்கு மேல் சாலை இல்லை, கடல்தான்.

பில்லிக்கு ஒரு யோசனை வந்தது. தனியாக மிதிப்பதைப் பத்துப் பேரோடு சேர்ந்து மிதித்தால் என்ன? ஒவ்வொருவரும் தெரிந்தவர்களிடம், 'நான் இவ்வளவு தூரம் மிதிக்கிறேன், நீ புற்றுநோய் ஆராய்ச்சிக்கு இவ்வளவு கொடு' என்று கேட்டால் என்ன?

1980-ல் அது நடந்தது. மொத்தம் 36 பேர். மாநிலத்தின் மேற்குப் பக்கம் இருக்கிற ஸ்ப்ரிங்ஃபீல்டில் கிளம்பி, கிழக்கு நுனியில் ப்ராவின்ஸ்டவுன் வரை. ஏறக்குறைய 350 கிலோமீட்டர். சென்னையில் கிளம்பித் திருச்சியைத் தாண்டிப் போவது மாதிரி. வசூலான தொகை 10,200 டாலர்.

பயணத்துக்கு வைத்த பெயர் 'பான் மாஸசூஸெட்ஸ் சேலஞ்ச்'. கவனித்தீர்களா? பெயரில் அம்மா இல்லை!

நம் ஊரில் கோயில் ட்யூப்லைட்டிலேயே வெளிச்சம் வராத அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதி வைப்போம். அம்மாவின் நினைவாக ஆரம்பித்த ஒரு காரியத்தில் அம்மாவின் பெயர் இல்லை என்றால் நமக்கு என்னவோ போல இருக்கும். ஆனால் அந்த இல்லாமைதான் இந்தக் கதையின் அச்சாணி. பெட்டி ஸ்டார் பெயரில் நடந்திருந்தால் அது ஸ்டார் வீட்டுத் துக்கமாகவே இருந்திருக்கும். நண்பர்கள் நாலு வருஷம் வருவார்கள். அப்புறம் ஒருவருக்கு வேலை இருக்கும், இன்னொருவருக்கு முழங்கால் வலிக்கும். பெயர் பொதுவாக இருந்ததால் யார் வேண்டுமானாலும் தன் வீட்டுத் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்று ஆனது. அப்பாவை இழந்தவர் வந்தார். மகளை இழந்தவர் வந்தார். சட்டை முதுகில் போட்டோவைக் குத்திக்கொண்டு மிதித்தார்கள். நோயிலிருந்து மீண்டவர்களும் வந்து பெடலில் கால் வைத்தார்கள்.

அதே 1980-ல் பக்கத்து நாடான கனடாவிலும் ஓர் ஆச்சரியம். எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கு நோக்கி ஓட ஆரம்பித்தார். 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். நுரையீரலுக்கு நோய் பரவியதால் செப்டம்பர் 1 அன்று ஓட்டம் நின்றது. அடுத்த வருடம் ஜூனில் அவரும் போய்விட்டார். இன்றுவரை பல நாடுகளில் அவர் நினைவாக ஓடுகிறார்கள். காலையும் பெடலையும் காட்டிப் புற்றுநோய்க்குப் பணம் கேட்கிற வழக்கம் வேர் பிடித்த வருடங்களில் 1980-க்கு முக்கிய இடம் உண்டு.

சரி, பில்லி ஸ்டார் திரட்டிய பணம் எங்கே போனது? பாஸ்டனில் இருக்கும் 'ஜிம்மி ஃபண்ட்' என்ற நிதிக்கு. யார் இந்த ஜிம்மி?

இதற்கு 1948-க்குப் போக வேண்டும். மே 22-ம் தேதி இரவு. அமெரிக்கா முழுக்க ஒரு ரேடியோ நிகழ்ச்சி ஒலிபரப்பாகிறது. பாஸ்டன் மருத்துவமனைப் படுக்கையில் 12 வயதுப் பையன். வயிற்றில் புற்றுநோய். பெயர் ஜிம்மி என்றார்கள். நிகழ்ச்சி நடத்துகிறவர் அவனுக்குப் பிடித்த பேஸ்பால் வீரர்களின் பெயர்களைக் கேட்கிறார். பையன் சொல்லச் சொல்ல, அந்தந்த வீரரே அறைக்குள் நுழைகிறார்! பையனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டம் பார்க்க அவனுக்கு ஒரு டி.வி. வாங்கித் தர 20,000 டாலர் சேர வேண்டும் என்று நேயர்களிடம் கேட்டார்கள். வந்து குவிந்தது 2 லட்சம் டாலருக்கு மேல்!

அந்தப் பணத்தில் வளர்ந்ததுதான் டாக்டர் சிட்னி ஃபார்பரின் ஆராய்ச்சிக்கூடம். இன்று உலகம் அறிந்த டேனா-ஃபார்பர் புற்றுநோய் மையம்.

பையனின் உண்மையான பெயர் ஜிம்மி அல்ல. ஐனார் குஸ்டாஃப்ஸன். அந்தரங்கம் காக்க வைத்த புனைபெயர்தான் ஜிம்மி. அவன் எப்போதோ இறந்திருப்பான் என்றுதான் ஊரே நினைத்தது. அதுதான் இல்லை! லாரித் தொழிலில் ஈடுபட்டு, மூன்று பெண்களுக்குத் தகப்பனாகி, சத்தமில்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தவர், 50 வருடம் கழித்து 1998-ல் 'நான்தான் அந்த ஜிம்மி' என்று வெளிப்பட்டார். 2001-ல்தான் காலமானார்.

இந்தக் கதையில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு ஃபார்பர் முதலில் வெற்றிகரமாகக் கொடுத்துப் பார்த்த மருந்து அமினோப்டெரின். 1948 ஜூனில் வெளியான கட்டுரையில், 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது என்று எழுதினார். தற்காலிகம்தான். ஆனால் அதுவரை அந்த நோய்க்கு எந்த மருந்தும் அசைந்து கொடுத்ததில்லை. அந்த மருந்தை அவருக்கு அனுப்பி வைத்தது லெடர்லே ஆராய்ச்சிக்கூடம். அங்கே ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தி அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். அதற்கிடையில், 'ஸ்ப்ரூ' எனப்படும் குடல் நோயில் எட்டே நாள் இடைவெளியில் இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்திருந்தார். 1922-ல் பாஸ்டன் போனார். வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே படித்தார். பின்னாளில் அவருடைய குழு செயற்கையாகத் தயாரித்த ஃபோலிக் அமிலம், அதே ஸ்ப்ரூ நோய்க்கு மருந்தானது. அந்த ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும்படி உருவாக்கியதுதான் அமினோப்டெரின்.

சகோதரர்களைக் கொன்ற நோயைத் துரத்திக்கொண்டு போனவர், யாரோ பெற்ற பிள்ளைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கொடுத்தார். அந்த ரேடியோ நிகழ்ச்சி நடந்து மூன்று மாதம் முடிவதற்குள், 1948 ஆகஸ்ட்டில், 53 வயதில் மறைந்தார். கடைசிவரை ஊர் திரும்பவே இல்லை. அவர் பெயரும் எந்தப் பலகையிலும் பெரிதாக இல்லை.

மறுபடி சைக்கிளுக்கு வருவோம். உணர்ச்சி மட்டும் இருந்தால் ஒரு காரியம் எத்தனை வருடம் ஓடும்? பணம் கொடுத்தவர் ஒருநாள் கேட்பார் இல்லையா, 'நான் கொடுத்த நூறு டாலர் எங்கேப்பா போச்சு?' என்று!

அந்தக் கேள்வியில் அடிபட்டவர் டான் பலோட்டா. 1983-ல், ஹார்வர்டில் படிக்கும்போதே, உலகப் பசிக்காகச் சக மாணவர்களோடு அமெரிக்காவைக் குறுக்கே சைக்கிளில் கடந்தவர். 1994-ல் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக சான் ஃப்ரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை ஏழு நாள் பயணத்தை ஆரம்பித்தார். பெரிய விளம்பரம், கூடார நகரம், சுடச்சுடச் சாப்பாடு. பணமும் கொட்டியது. ஆனால் செலவே கிட்டத்தட்ட 40 சதவிகிதம் என்று பத்திரிகைகள் எழுத, 2002-ல் அவர் கம்பெனி மூடப்பட்டது. 'செலவு செய்ததால்தானே இவ்வளவு வந்தது?' என்பது அவர் கட்சி. அதிலும் நியாயம் உண்டு. அதே பாதையில் தொண்டு அமைப்புகளே நடத்திய பயணமும் செலவு ஏறி, ஆள் குறைந்து, 2025 ஜூனில் கடைசி முறையாக ஓடி முடிந்தது.

பில்லி ஸ்டார் போட்ட கணக்கு வேறு. மிதிக்க வருகிறவர் குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டுகிறேன் என்று முன்பே கையெழுத்துப் போட வேண்டும். திரட்ட முடியாவிட்டால் மீதி அவருடைய கிரெடிட் கார்டிலிருந்தே எடுக்கப்படும். தயவு தாட்சண்யம் கிடையாது! சாப்பாடு, பந்தல், பாதுகாப்புச் செலவெல்லாம் நுழைவுக் கட்டணத்திலும் ஸ்பான்சர்களிடமும். 2007-லிருந்து, மிதிப்பவர்கள் திரட்டும் ஒவ்வொரு டாலரும் முழுசாக ஜிம்மி ஃபண்டுக்கே போகிறது.

விளைவு? 36 பேர் 6,000-க்கு மேல் ஆனார்கள். 10,200 டாலரில் ஆரம்பித்த மொத்த வசூல், 2024-ல் 100 கோடி டாலரைத் தாண்டியது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 7.5 கோடி டாலர். ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் தெருவோரம் நின்று தண்ணீர் கொடுக்கிறவர்கள், கைதட்டுகிறவர்கள் மத்தியில் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களைத் தாண்டும்போது முழங்கால் வலியைப் பற்றி யார் பேசுவார்கள்?

பெட்டி ஸ்டாரைக் கொண்டுபோன மெலனோமா என்ன ஆனது? புற்றுநோய் அணு, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூங்க வைக்கப் பயன்படுத்தும் பி.டி.எல்-1 என்ற புரதத்தை 2000-ல் அடையாளம் காட்டியவர்களில் டேனா-ஃபார்பர் விஞ்ஞானிகளும் உண்டு. அந்தத் தூக்கத்தைக் கலைக்கும் மருந்துகள் 2014-ல் மெலனோமாவுக்கு வந்தன. இப்படிப்பட்ட இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, முற்றிய மெலனோமா நோயாளிகளில் 52 சதவிகிதம் பேர் ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள் என்று 2019-ல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. 1974-ல் இதைச் சொல்லியிருந்தால் எந்த டாக்டரும் நம்பியிருக்க மாட்டார்.

இந்த டாலர்தான் அந்த மருந்தானது என்று நேர்க்கோடு போட முடியாது. ஆராய்ச்சி அப்படி நடப்பதில்லை. ஆயிரம் பரிசோதனைகள் தோற்று, ஒன்று ஜெயிக்கும். தோற்கப்போகிற அந்த ஆயிரத்துக்கும் யாராவது பணம் கொடுத்தாக வேண்டும். அதைத்தான் இவர்கள் கொடுத்தார்கள்.

எத்தனை கிலோமீட்டர் மிதித்தாலும் போன அம்மா திரும்பி வரப்போவதில்லை. பில்லிக்கும் அது தெரியும். ஆனால் இன்று மெலனோமாவோடு படுத்திருக்கும் இன்னொரு பில்லியின் அம்மா, எழுந்து வீட்டுக்குப் போக வாய்ப்பிருக்கிறது!