சப்ரகமுவத் தோட்டங்களில் எச்.ஐ.வி.யும் தாய்மையும்

இலங்கையில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1987இல் கண்டறியப்பட்டபோது, சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்கள் பலவும் அரச கூட்டுத்தாபனங்களின் கையில் இருந்தன. ‘லயம்’ எனப்படும் தோட்ட வரிசைக் குடியிருப்பில் வாழ்ந்த பெண்ணின் மகப்பேற்றுப் பராமரிப்பு தோட்ட மருந்துச்சாலையோடும் மருத்துவிச்சியோடும் பிணைந்திருந்தது. தொற்றுள்ள தம்பதியர் பிள்ளைப்பேற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதே அன்று உலகெங்கும் கூறப்பட்ட கொடிய அறிவுரை. எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்துச் சிகிச்சை, தொற்று வாழ்க்கைத்துணைக்குப் பரவுவதை 96 சதவீதம் தடுப்பதாக 2011இல் வெளிவந்த ஆய்வு அதைத் தகர்த்தது. வைரசுச் சுமை, அதாவது குருதியிலுள்ள வைரசின் அளவு, சோதனையில் அகப்படாத அளவுக்குத் தொடர்ந்து குறைந்திருந்தால் உடலுறவால் தொற்றாது என்பது பின்னர் உறுதியானதால், அத்தகையோர் இயல்பாகவே கருத்தரிக்க வழி பிறந்தது. தாய்வழித் தொற்றை இலங்கை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தமைக்கு, கர்ப்பிணிகளிடம் சிபிலிசோடு எச்.ஐ.வி.க்கும் குருதி சோதிக்கப்பட்டது பெருந்துணை. ஆயினும் அச்சோதனை கருவுற்ற பின்னரே நிகழ்வது. கருவுறுமுன் ஆலோசனை பெற நகரத்துக்குச் செல்லும் கொழுந்து பறிக்கும் பெண்ணோ, ‘பேர்’ எனப்படும் அன்றைய நாட்கூலியை இழக்கிறாள்.