புற்று

புற்று என்றதும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துச் சம்சாரிக்கு நினைவு வருவது கரையான் எழுப்பிய மண்மேடுதான். வெளியே சிறு மேடு. உள்ளே கிளைகிளையாக வளை. உடம்புக்குள் ஓசையின்றிப் பரவும் நோய்க்கும் தமிழில் அதே பெயர்.

கிரேக்கர் கண்டது வேறு. கட்டியிலிருந்து கால் நீட்டும் ரத்தக் குழாய்களைப் பார்த்து 'நண்டு' என்றார்கள். கார்சினோமா, கேன்சர் இரண்டும் நண்டின் வாரிசுகள்.

சார்கோமா அந்த வம்சமல்ல. 'சார்க்ஸ்' என்றால் தசை. 'ஆஸ்டியான்' என்றால் எலும்பு. சேர்ந்தால் ஆஸ்டியோசார்கோமா. புகையிலையால் வாயின் உள்தோலில் வருவது கார்சினோமா. எலும்பிலேயே பிறக்கும் ஆஸ்டியோசார்கோமா என்ற அரிய கட்டி பெரும்பாலும் கை, கால் எலும்புகளில் வருவது. நூற்றில் ஆறேழுதான் தாடையில். தமிழில் இரண்டும் புற்றுதான்.

தாடையில் வந்தால் முதலில் பல்வலி போலவே இருக்கும். வீக்கம், ஆடும் பல், மரத்துப்போகும் கீழுதடு. எக்ஸ்ரேயில் பல்வேரைச் சுற்றி மெல்லிய கருங்கோடு ஒன்று இருக்கும். அது ஓரிரு பற்களில் மட்டும் அகன்றிருந்தால் பல் மருத்துவர் உஷாராவார். சிலருக்கு எலும்பிலிருந்து சூரியக்கதிர் போலக் கோடுகள் விரியும்.

படம் சந்தேகத்தைத்தான் தரும். உறுதி செய்வது திசுப் பரிசோதனை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும், 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இதற்கு நாடக்கூடிய இடங்கள்.

பல்லைப் பிடுங்கியும் வீக்கம் வடியவில்லையா, உதடு மரத்திருக்கிறதா? மறுபடி மருத்துவரிடம் போய்ப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.