மரக்குடிலும் மாளிகையும்: அமெரிக்க மாணவர் சங்கங்கள் வீடு கட்டிய வரலாறு

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து வாழ்வோர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், முதலில் ஒரு சங்கம் தோன்றும். சங்கம் தோன்றிய சில ஆண்டுகளில் அதற்குச் சொந்தமாக ஒரு கட்டிடம் வேண்டும் என்னும் ஆசை தோன்றும். இவ்வியல்பு நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. கல்வியின் பொருட்டு வீடு துறந்து வெளியூர் சென்று தங்கும் மாணவரிடத்தும் இதனைக் காணலாம். அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கல்லூரிகளில் 'பிரெட்டர்னிட்டி' எனப்படும் சகோதர சங்கங்கள் பல உள. அவை இரவல் அறைகளில் தொடங்கிச் சொந்த வீடுகளில் குடிபுகுந்த வரலாறு, சங்கம் நடத்தும் எவர்க்கும் சில உண்மைகளை உணர்த்த வல்லது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

சங்கங்களின் தோற்றம்

1776-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்டு மேரி கல்லூரி மாணவர் சிலர் 'ஃபை பீட்டா காப்பா' என்னும் சங்கத்தை நிறுவினர். அறிவின்பால் கொண்ட அன்பே வாழ்க்கைக்கு வழிகாட்டி என்னும் பொருளுடைய கிரேக்க வாசகம் ஒன்றின் முதலெழுத்துக்களே அப்பெயராயின. அச்சங்கம் நாளடைவில் சிறந்த மாணாக்கரைப் பாராட்டும் கௌரவ சபையாக மாறிவிட்டது. ஆயினும், கிரேக்க எழுத்துப் பெயர், இரகசியப் பிரமாணம், பிற கல்லூரிகளில் கிளை என்று அது வகுத்த முறை நிலைத்துவிட்டது. நியூயார்க் மாநிலத்து ஸ்கெனெக்டடி நகரின் யூனியன் கல்லூரியில் 1825-ல் 'காப்பா ஆல்பா' சங்கமும், 1827-ல் 'சிக்மா ஃபை', 'டெல்டா ஃபை' ஆகிய சங்கங்களும் தோன்றின. 1841-ல் அக்கல்லூரியிலேயே 'கை சை' என்னும் சங்கம் பிறந்தது. இவ்வரலாற்றில் இதன் பெயர் மீண்டும் மீண்டும் வரும். வாசகர் நினைவிற் கொள்க.

அக்காலத்துக் கல்லூரிக் கல்வி பெரும்பாலும் மனப்பாடமே. இலத்தீன், கிரேக்கம், கணிதம் ஆகியவற்றை ஆசிரியர் முன்னிலையில் ஒப்பிப்பதே மாணவரின் கடமை. வாதம் செய்யவும், கட்டுரை படிக்கவும், மனம் ஒத்தவரோடு தோழமை கொள்ளவும் இச்சங்கங்களே இடம் தந்தன. எனினும் சங்கத்திற்கென்று வீடு கிடையாது. மாணவரின் தங்கும் அறையிலோ, கடைக்கு மேலிருந்த வாடகை மாடியிலோ, சாவடியிலோ கூடிக் கலைந்தனர்.

காட்டுக்குள் ஒரு குடில்

மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆன் ஆர்பர் என்னும் சிற்றூரில் 1841-ல் வகுப்புக்களைத் தொடங்கிற்று. அவ்வூருக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்து அப்பொழுது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரைச் சுற்றிலும் காடு. ஆசிரியர் குழுவின் அனுமதியின்றி எந்தச் சங்கத்திலும் சேரலாகாது என்பது பல்கலைக்கழகத்தின் விதி. அவ்விதியைப் பொருட்படுத்தாமல் 1845-ல் 'பீட்டா தீட்டா பை', 'கை சை' ஆகிய சங்கங்களின் கிளைகள் அங்கே இரகசியமாகத் தோன்றின. மறு ஆண்டு 'ஆல்பா டெல்டா ஃபை' வந்தது.

இரகசியச் சங்கம் கல்லூரிக் கட்டிடத்திற்குள் கூட இயலுமா? ஆகவே 1846-ல் 'கை சை' மாணவர்கள் காட்டின் நடுவே மரக்கட்டைகளை அடுக்கி ஒரு குடில் அமைத்துக்கொண்டனர். அதன் நீளம் 20 அடி. அகலம் 14 அடி. நம் காலனிக் குவார்ட்டர்ஸ்களில் இரண்டு அறைகளைச் சேர்த்தால் அவ்வளவு இருக்கும். அமெரிக்காவில் மாணவர் சங்கம் ஒன்று தனக்கெனக் கட்டிய முதல் வீடு இதுவே என்பர். அது பெருமை காட்ட எழுந்ததன்று. மறைந்து கூடுவதற்கென எழுந்தது.

மறைவு நெடுநாள் நிலைக்கவில்லை. வேறொரு குற்றத்தை விசாரிக்கப் புறப்பட்ட ஆசிரியர்கள் அக்குடிலைக் கண்டுகொண்டனர். பின்னர் பூசல் முற்றிற்று. சங்கத்தை விடுக, அன்றேல் பல்கலைக்கழகத்தை விடுக என்று 1849-ன் இறுதியில் மாணவர்க்குக் கட்டளை பிறந்தது. விலக மறுத்தோர் வெளியேற்றப்பட்டனர். ஊர்மக்கள் கூட்டம் கூடி மாணவர் பக்கம் பேசினர். மாநிலச் சட்டசபை வரையில் முறையீடு சென்றது. 1850-ல் சங்கங்கள் மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. சிறு குடில் ஒன்றிலிருந்து எழுந்த வழக்கு பல்கலைக்கழகம் முழுவதையும் ஆட்டி வைத்தது.

வீடுகள் பெருகிய காரணம்

மிச்சிகனில் 1852-ல் தலைமை ஏற்ற ஹென்றி டாப்பன் என்பார், கல்லூரி இடம் கற்பித்தலுக்கே என்னும் கொள்கையினர். விடுதி அறைகளை அவர் வகுப்பறைகளாக மாற்றினார். மாணவர்கள் ஊருக்குள் வாடகைக்கு இடம் தேடினர். 1868-ல் இத்தாகா நகரில் திறக்கப்பட்ட கார்னெல் பல்கலைக்கழகத்திலும் விடுதி வசதி குறைவு. அதன் முதல் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட், மாணவப் பருவத்தில் சகோதர சங்கங்களில் இருந்தவர். ஒரு வீட்டின் நற்பெயரைக் காக்கும் பொறுப்பை இளைஞரிடமே ஒப்படைத்தால் ஒழுக்கம் தானே வளரும் என்பது அவர் கருத்து. 1878-ல் 'ஆல்பா டெல்டா ஃபை' அங்கே வீடு கட்டிற்று. பிற சங்கங்கள் பின்தொடர்ந்தன.

பெண்களும் பின்தங்கவில்லை. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1872-ல் மாணவியர் பதின்மர் தொடங்கிய 'ஆல்பா ஃபீ' சங்கம், 1886-ல் தானே வீடு கட்டிக் குடியேறிற்று. மகளிர் சங்கம் ஒன்று தனக்கெனக் கட்டிய முதல் வீடு அது. பெண்கள் கல்லூரிக்குச் செல்வதே அரிதாயிருந்த காலத்தில் இஃது எளிய செயலன்று.

வீடு எழும் முறையையும் அறிதல் நன்று. கல்லூரியில் இருக்கும் மாணவன் நான்கு ஆண்டுகளில் போய்விடுவான். அவன் பெயரில் நிலம் வாங்குதல் இயலாது. ஆதலின் படிப்பு முடித்துச் சென்ற மூத்த அங்கத்தினர் ஒரு கழகமாகப் பதிவு செய்துகொள்வர். அவர்கள் நன்கொடை திரட்டி, எஞ்சியதற்குக் கடன் வாங்கி, நிலமும் வீடும் வாங்குவர். வீட்டில் தங்கும் இளைஞர் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கட்டுவர். அப்பணத்திலிருந்து கடன் தவணை அடையும். சமையற்காரருக்குச் சம்பளம் போகும். குளிர்காலத்தில் நிலக்கரி வாங்கப்படும்.

கணக்கேடு எழுதிப் பழகிய எவர்க்கும் இம்முறையிலுள்ள இடர் உடனே புலப்படும். அறைகள் நிரம்பியிருந்தால்தான் தவணை கட்ட இயலும். ஆகவே ஆண்டுதோறும் புதியவரைச் சேர்த்தே ஆகவேண்டும். தோழமைக்காக வீடு என்பது போய், வீட்டிற்காகத் தோழமை என்னும் நிலை வந்துவிடுகிறது. 1929-க்குப் பின் பொருளாதார மந்தம் அந்நாட்டைத் தாக்கியபொழுது, பெரிய வீடும் பெரிய கடனும் கொண்டிருந்த சங்கங்கள் பல தத்தளித்தன. வீட்டை இழந்தவையும் உண்டு.

1906 டிசம்பர்

'கை சை' சங்கத்தின் கதைக்கு மீள்வோம். மரக்குடில் கட்டி ஐம்பது ஆண்டு கழிந்த பின், 1896-ல் அச்சங்கத்தின் கார்னெல் கிளை ஒரு மாளிகையில் குடிபுகுந்தது. ஜென்னி மக்ரா என்னும் செல்வச் சீமாட்டி தமக்கெனக் கட்டுவித்த மாளிகை அது. அவர் பெரிய மரவியாபாரி ஒருவரின் மகள். ஐரோப்பாவில் மணம் புரிந்துகொண்டு, காசநோயால் நலிந்து ஊர் திரும்பிய அவர், அம்மாளிகையில் ஒரு நாளேனும் வாழாமல் 1881-ல் மறைந்தார். அவரது சொத்தைப் பற்றிக் கணவருக்கும் பல்கலைக்கழகத்திற்கும் நடந்த வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்று 1890-ல் முடிந்தது. அதன் பின்னரே மாளிகை மாணவர் கைக்கு வந்தது.

பத்தாண்டுக் காலம் அங்கே சங்கம் சிறப்புற நடந்தது. 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், அனைவரும் உறங்கும் வேளையில் அங்கே தீப்பற்றிக்கொண்டது. மாணவர் நால்வர் மாண்டனர். அவருள் ஒருவர், தாம் தப்பியிருக்கலாமாயினும், அறைத்தோழரைக் காக்க மீண்டும் உள்ளே புகுந்தவர் என்பர். தீயணைக்க வந்த தொண்டர் மூவர் சுவர் இடிந்து விழுந்து உயிர் நீத்தனர். அழகிய மாளிகை ஓரிரவில் சாம்பலாயிற்று.

அத்தீக்கு மூன்று நாள் முன்னர், டிசம்பர் 4-ஆம் நாள், அதே இத்தாகா நகரில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. அதனைப் பத்திரிகைகள் பெரிதாக எழுதவில்லை. கறுப்பின மாணவர் எழுவர் கூடி 'ஆல்பா ஃபை ஆல்பா' என்னும் சகோதர சங்கத்தை நிறுவினர். குன்றின்மீதிருந்த சங்க வீடுகளில் அவர்களுக்கு அங்கத்தினர் என்னும் உரிமை இல்லை. உணவு பரிமாறும் வேலை மட்டுமே உண்டு. அவ்வேலை செய்து படித்தவர்களும் அவ்வெழுவரில் இருந்தனர். அதற்குச் சற்று முன்னர்க் கார்னெலில் பயின்ற கறுப்பின மாணவர் அறுவர், மறு ஆண்டு படிப்பைத் தொடரத் திரும்பி வரவேயில்லை. தனிமையே அதற்கொரு காரணம் என உணர்ந்தவர்கள் முதலில் ஒரு படிப்பு வட்டமாகக் கூடிப் பின்னர்ச் சங்கமாயினர். கூடுவதற்கு வீடு? தங்கள் இனத்துக் குடும்பம் ஒன்று தன் இல்லத்தைத் திறந்துவிட்டது. அவர்களுக்கு அதுவே போதுமாயிருந்தது.

பிற்காலத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த பெரியோர் பலர் அச்சங்கத்தின் அங்கத்தினராயினர். 1959-ல் நம் நாட்டிற்கு வந்து காந்தியடிகளின் வழியைக் கண்டு சென்ற மார்ட்டின் லூதர் கிங் அவருள் ஒருவர். 'கை சை' சங்கமும் அழிந்துவிடவில்லை. தீக்குப் பின் புதிய வீடு கட்டிக்கொண்டது. மாளிகை எரிந்தும் ஒரு சங்கம் பிழைத்தது. மாளிகையே இல்லாமல் ஒரு சங்கம் தழைத்தது.

வாயிற்கதவு

வீடு என்றால் அதற்கு வாயில் உண்டு. வாயிலுக்குக் கதவு உண்டு. மரக்குடில் காலத்தில் அக்கதவு ஆசிரியரை வெளியே நிறுத்தியது. மாளிகைக் காலத்தில் அது உடன் பயில்வோரையே வெளியே நிறுத்தலாயிற்று. யூதர், கத்தோலிக்கர், கறுப்பினத்தார் ஆகியோரைச் சேர்க்கலாகாது என்பது சில சங்கங்களில் எழுதப்பட்ட விதி. பலவற்றில் எழுதாத வழக்கம். 1948-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 'ஃபை காப்பா சை' சங்கத்தின் கிளை, கறுப்பின மாணவர் ஒருவரை அங்கத்தினராக ஏற்றது. தலைமைச் சங்கம் அக்கிளையை விலக்கிற்று. கிளை மாணவர் தோழரைக் கைவிடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு தனிச் சங்கமாக நடந்தனர். தாய்ச் சங்கத்தின் உறவினும் தோழனின் உறவே பெரிது என்று அவ்விளைஞர் முடிவு செய்தது போற்றத்தக்கது.

மாளிகைகளின் பொற்காலம் மெல்லத் தேய்ந்தது. புதியவரைத் துன்புறுத்தும் கொடிய சடங்குகளும் குடிப்பழக்கமும் பல வீடுகளுக்கு இழுக்குத் தேடித் தந்தன. அம்மாநிலத்து வில்லியம்ஸ் கல்லூரி, மாணவரின் உறைவிடத்தையும் உணவையும் தானே ஏற்பதென 1962-ல் முடிவு செய்தது. சங்கங்கள் அங்கே மறைய, அவற்றின் வீடுகள் கல்லூரியின் பயன்பாட்டிற்கு வந்தன. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1984-ல் சங்கங்களை விலக்கியது. பிற கல்லூரிகள் பலவற்றில் அவை இன்றும் நடைபெறுகின்றன. புது வீடு கட்டிக் குடிபுகுவதும் நடைபெறுகின்றது.

நாம் கொள்ள வேண்டுவது

நிற்க. கடல் கடந்த கல்லூரிக் கதை நமக்கெதற்கு என்று அன்பர்கள் வினவலாம். மாற்றல் உத்தரவைக் கையில் ஏந்தி ஊர் ஊராகச் செல்லும் ரயில்வே ஊழியன் யான். சென்றவிடமெல்லாம் தமிழர் சங்கங்களைக் கண்டிருக்கின்றேன். வராந்தாவில் பாய் விரித்து நடந்த சங்கமும் உண்டு. பளிங்குத் தரையிட்ட மண்டபமுடைய சங்கமும் உண்டு. ரயில்வே காலனியில் உத்தியோகத்தின் தரத்திற்கேற்பக் குடியிருப்பு வகுக்கப்பட்டிருக்கும். அது நிர்வாகத்தின் முறை. ஆனால் பொங்கல் விழாவன்று முன்வரிசை நாற்காலிகளில் அதிகாரிகளின் குடும்பமும், கதவோரத்தில் கேங்மேன், கலாசி வீட்டுப் பிள்ளைகளும் நிற்பதைக் கண்டிருக்கின்றேன். சில இடங்களில் அப்பிள்ளைகள் கதவு வரையிலும் வருவதில்லை. அவர்களும் நம் மொழி பேசுபவர். நம்மினும் தொலைவான ஊர்களிலிருந்து வந்தவர். இத்தாகாவில் படிப்பை விட்டுச் சென்ற அறுவரைப் பற்றிப் படித்தபொழுது, இப்பிள்ளைகளின் நினைவே எனக்கு வந்தது.

சங்கத்திற்குச் சொந்தக் கட்டிடம் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. நூல்களை வைக்க ஓர் அலமாரியும், சிறுவர்க்கு எழுத்து கற்பிக்க ஒரு கூடமும், மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும் தேவையே. ஆயினும் கட்டிட நிதிக்குக் கையெழுத்திடும் முன் மூன்று வினாக்களை நமக்கு நாமே எழுப்பிக்கொள்ளுதல் வேண்டும். கட்டிடத்திற்குள் செய்வதற்கு நம்மிடம் பணி உண்டா? அதன் கடன் நம் பணியை விழுங்காமலிருக்குமா? அதன் கதவு யாருக்குத் திறக்கும்?

மூன்றாம் வினாவிற்கு 'எல்லோர்க்கும்' என்று விடை கூற வல்ல சங்கம், 20 அடிக் குடிலிலும் பெருமையுடன் வாழும். இவ்வாண்டு விழாவிற்கு வரும் குடும்பங்கள் அனைத்தும் அத்தகைய சங்கத்தைக் கட்டி எழுப்பத் துணை நிற்குமாக.