43 வருசம் தேடாமல் விட்ட கோள்கள்

புதுக் கருவி வந்தது, புது விசயம் தெரிஞ்சது. விஞ்ஞான வரலாற்றை இப்படி நேர்கோடாகத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கினம். வரலாறு படிக்கிற நாங்கள் வானியல் பக்கம் வந்ததே, அந்தக் கோடு முறியிற ஒரு கதை அங்க இருக்கிறதாலதான்.

1952இல் ஓட்டோ ஸ்ட்ரூவ என்ற வானியலாளர் சின்னக் கட்டுரை ஒன்று எழுதினார். வியாழன் மாதிரிப் பெரிய கோள் ஒன்று, ஒரே நாளில் சுற்றி முடிக்கிற அளவுக்குத் தன் நட்சத்திரத்துக்குக் கிட்ட ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டார். பிடிக்கிற வழி இரண்டையும் சொன்னார். கோளின் ஈர்ப்பால் நட்சத்திரம் அசைவதை நிறமாலையில் அளக்கலாம். அல்லது, கோள் குறுக்கே கடக்கும்போது வெளிச்சம் ஏறத்தாழ 2 வீதம் மங்குவதைப் பார்க்கலாம்.

அதைக் கனபேர் கவனிக்கேல்லை. அசைவை அளக்கத் துல்லியமான கருவி அப்ப இல்லை என்பது உண்மைதான். ஆனால் கருவி மட்டும் தடையில்லை. எங்கட வியாழன் சூரியனைச் சுற்ற கிட்டத்தட்ட 12 வருசம் எடுக்குது. மற்ற இடங்களிலும் பெரிய கோள் தூரத்தில்தான் இருக்கும், ஆறுதலாகத்தான் சுற்றும் என்று நம்பினார்கள்.

1995 ஒக்டோபரில் சுவிட்சர்லாந்தின் மிசேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற நட்சத்திரத்தை 4.2 நாளில் சுற்றும் கோளை அறிவித்தார்கள். உடனே அமெரிக்காவில் ஜெஃப் மார்சியும் போல் பட்லரும் 1987இலிருந்து சேர்த்து வைத்த தங்கட தரவுகளைக் கிளறினார்கள். அதுக்குள்ளேயும் கோள்கள் இருந்தன!

ஆனாலும் சந்தேகம் தீரேல்லை. அசைவு நட்சத்திரத்தின் துடிப்பாகவும் இருக்கலாமே? ஸ்ட்ரூவ சொன்ன இரண்டாவது வழிதான் இதைத் தீர்த்தது. 1999இல் பட்டமேற்படிப்பு மாணவரான டேவிட் ஷார்பொன்னோ, கொலராடோவில் வாகனத் தரிப்பிடம் ஒன்றில் வைத்திருந்த வெறும் 10 சென்ரிமீற்றர் தொலைகாட்டியால் எச்டி 209458 என்ற நட்சத்திரம் மங்குவதைப் பதிந்தார். கிரெக் ஹென்றியின் குழுவும் தனியாக அதையே கண்டது. மங்கிய அளவு கோளின் பருமனைச் சொன்னது, அசைவு திணிவைச் சொன்னது. இரண்டையும் சேர்த்தால் அடர்த்தி வரும். தண்ணீரின் அரைவாசி அடர்த்திகூட இல்லாத, 1000 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கிற வாயுக்கோள் அது. பிறகு ஹப்பிள் தொலைகாட்டி அதன் வளிமண்டலத்தில் சோடியத்தையும் கண்டுபிடித்தது.

எங்களை நிப்பாட்டினது இதுக்குப் பிறகு நடந்தது. 1989 முதல் 1993 வரை இயங்கிய ஹிப்பார்க்கோஸ் செய்மதியின் பழைய பதிவுகளைத் திரும்பப் பார்த்தார்கள். அதே நட்சத்திரம் அதே அளவில் மங்கியது அங்கேயும் சில தடவை பதிவாகியிருந்தது. 51 பெகாசி அறிவிப்புக்கு முன்னமே சான்று பெட்டிக்குள்ள கிடந்திருக்கு. என்ன தேட வேணும், எந்தக் கால இடைவெளியில் தேட வேணும் என்று தெரியாததால் அது வெறும் இலக்கமாகவே இருந்தது.

ஆவணத்தில் இல்லை, அதனால் நடக்கேல்லை என்று எங்கட துறையிலும் லேசாகச் சொல்லிவிடுகிறோம். அப்படி எழுத முதல், அந்த ஆவணத்திடம் நாங்கள் என்ன கேட்டோம் என்றதையும் ஒருக்கா பார்க்க வேணும்.